படமாளிகை பூட்டின பிறகு

3 ஜூன் 2018

கொழும்பு வெள்ளவத்தைத் தம்பி ஒருவர் கேட்டது, அவர் எழுதியபடியே:

"அங்கிள், எனக்கு வயது 24. அப்பாவும் பெரியப்பாவும் கூடினால் கெயிட்டி, கிங்ஸ்லி, செல்லமஹால், பிளாசா என்று பழைய படமாளிகைப் பெயராகக் கொட்டும். அதில் பாதி எங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியாது. என் கருத்து இதுதான்: சனம் படம் பார்க்க வராமல் விட்டது, படமாளிகை செத்தது, கட்டடத்தை உடைத்தார்கள். எலி குடியிருந்து, சுவரில் அரசங்கன்று முளைத்து நிற்பதைவிட உடைப்பது மேல்தானே? உங்கள் வயதுக்காரர் ஏன் இதை இழவு வீடு மாதிரிப் பேசுகிறீர்கள்?"

3 ஜூன், இரவு

பாதி சரி தம்பி. சனம் வராமல் விட்டது உண்மை. ஐ.ரி.என். தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் வந்தது, ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். பின்னாலேயே வீடியோ டெக். எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ஒரு வீட்டார் டெக் வாடகைக்கு எடுத்தால் பத்து வீட்டுச் சனம் பாயோடு வந்துவிடும். விடிய விடிய மூன்று படம். அந்தக் கிழமை கலரி (திரைக்குக் கிட்ட இருக்கும் மலிவு இடம்) டிக்கட் எடுக்க ஒருவரும் போகமாட்டார்கள்.

அதற்கும் முந்திய அடி ஒன்று உண்டு. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வேலையைத் தொடங்கியது. வெளிநாட்டுப் படம் இறக்குவது அதன் கைக்குப் போனது. சிங்களப் படத்துக்கு அதனால் கிடைத்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் படத்தை நம்பிக் கட்டிய ஹோல்களுக்கு அன்றைக்கே பாதி வயிறுதான்.

இவ்வளவும் படமாளிகை ஏன் பூட்டப்பட்டது என்பதற்குக் காரணம். கட்டடம் ஏன் உடைபட்டது என்பதற்கு இது காரணமில்லை. பூட்டின படமாளிகை முப்பது வருஷம் அப்படியே நிற்பதையும் கண்டிருக்கிறேன், பூட்டின மறு வருஷமே தரைமட்டமானதையும் கண்டிருக்கிறேன். அதைத் தீர்மானிப்பது மூன்று: காணி எந்த வீதியில் முகம் வைத்திருக்கிறது, காணி உறுதிப் பத்திரம் எத்தனை பேர் பெயரில் இருக்கிறது, உள்ளே தரை எப்படி இருக்கிறது. மூன்றாவதை ஒருவரும் பேசுவதில்லை. நான் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 31 வருஷம் கட்டடக் கொந்தராத்துக்காரர் ஒருவரின் கந்தோரில் படவரைஞராக இருந்தவன் நான். மாமா ஒருவர் படமாளிகையில் படம் ஓட்டும் ஒப்பரேட்டர். இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

5 ஜூன்

உறுதி விஷயம் முதலில், சுருக்கமாக. பெரிய கம்பனிக்குச் சொந்தமான ஹோல் சீக்கிரம் உடைபடும், ஏனென்றால் முடிவெடுக்க ஒரு மேசை போதும். குடும்பச் சொத்தாக இருந்தால் தகப்பன் போன பிறகு ஐந்து பிள்ளைகள், இரண்டு பேர் கனடாவில், ஒருவர் லண்டனில், ஒருவர் கையெழுத்து வைக்கமாட்டார். கட்டடம் அந்தச் சண்டையின் நிழலில் உயிர் தப்பி நிற்கும். கொழும்பில் இன்னும் நிற்கிற சில பழைய சுவர்களைக் காப்பாற்றியது அண்ணன் தம்பி வழக்குத்தான்.

9 ஜூன்

இப்போது தரை.

படமாளிகைக்கும் மற்ற எந்தப் பெரிய மண்டபத்துக்கும் இடையில் வித்தியாசம் சரிவு. பின்வரிசைக்காரன் முன்வரிசைக்காரனின் தலைக்கு மேலால் திரையைப் பார்க்கவேண்டும். அதற்காகத் தரை வாசலிலிருந்து திரையை நோக்கி இறங்கும். முன்னால் கலரிப் பக்கம் ஏறக்குறையச் சமதரை, பின்னால் போகப் போகச் சரிவு கூடும். நடக்கும்போது காலுக்குத் தெரியாது. ஒரு கோலிக்குண்டை விட்டால் தெரியும். நாங்கள் சின்ன வயதில் விட்டிருக்கிறோம். செகண்ட் கிளாசில் விட்ட குண்டு கதிரைக் கால்களில் தட்டித் தட்டிக் கலரிக்குப் போய்ச் சேரும், அங்கே இருப்பவன் திரும்பிப் பார்த்து ஏசுவான்.

மற்றது ஜன்னல் இல்லை. நடுவில் தூண் இல்லை. ஐம்பது அடி அகலத்துக்கு இரும்புக் கூரைச்சட்டம் ஒரே தாவலாகத் தாவி நிற்கும். மேலே அஸ்பெஸ்டஸ் சீட், அதற்குக் கீழே உட்கூரை. சுவரில் கரும்புச் சக்கைப் பலகை அடித்திருக்கும்; அதை நாங்கள் செலோடெக்ஸ் என்போம். சத்தத்தைக் குடிப்பதற்கு. பல்கனிக்குப் பின்னால் படம் ஓட்டும் மெஷின் அறை. சுவரில் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே இரும்புத் தகட்டுக் கதவு. நெருப்புப் பிடித்தால் அந்தக் கதவுகள் விழுந்து அறையை மண்டபத்திலிருந்து பிரித்துவிடும். பழைய நைத்திரேற்றுப் படச்சுருள் நெருப்புப் பட்டால் அணைக்க முடியாத சாமான், அந்தக் காலத்துப் பயம் அது.

இந்தக் கட்டடத்தை வாங்கி வேறு வேலைக்கு எடுக்க நினைப்பவருக்கு இதில் பிடித்தது தூண் இல்லாத அகலம் ஒன்றுதான். மற்ற எல்லாம் தொந்தரவு. ஆகப்பெரிய தொந்தரவு சரிவு. சரிந்த தரையில் தளபாடக் கடை வைக்க முடியாது, களஞ்சியம் வைக்க முடியாது, பந்திக்கு மேசை போட முடியாது. ஆகவே முதல் வேலை தரையை நிரப்புவது.

10 ஜூன்

அந்த வேலையை நானே ஒருமுறை வரைந்து கொடுத்திருக்கிறேன். 1996. மருதானைப் பக்கம் ஒரு ஹோல். பெயர் வேண்டாம், உரிமையாளரின் பிள்ளைகள் இருக்கிறார்கள். பூட்டி ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. கலியாண மண்டபமாக்க வேண்டும் என்றார் உரிமையாளர். நல்ல மனிதர், உடைக்க மனமில்லாமல்தான் எங்களிடம் வந்தார்.

முதல் நாள் உள்ளே போனபோது வௌவால் மணம். கதிரைகள் அப்படியே வரிசையில். விலை கூடிய ஓ.டி.சி. வகுப்பில் சிவப்பு ரெக்சின், கலரியில் வெறும் பலகை வாங்கு. திரையில் நெடுகக் கிழிசல், அதன் பின்னால் ஸ்பீக்கர் கூடு, அதற்குள் பூனை குட்டி போட்டிருந்தது. மேசன் பாஸ் ஒருவர், வயதானவர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தார். ஏன் என்று கேட்டேன். நாற்பது வருஷத்துக்கு முந்தி மனுசியைப் பெண் பார்த்த பிறகு முதல் படம் காட்டக் கூட்டி வந்த இடம் இது என்றார்.

கதிரைகளின் இரும்புக் கால்களைக் கழற்றி நிறைக்கு விற்றோம். பஞ்சிகாவத்தையிலிருந்து லொறி வந்தது. செலோடெக்சில் கறையான், அதையும் கழற்றினோம். தரை 50 அடிக்கு 90 அடி. வாசலுக்கும் திரைக்கும் இடையில் மூன்றரை அடி இறக்கம். அதை நிரப்ப வெளியிலிருந்து 54 லொறி வந்தது, லொறிக்கு 2 கியூப். கிறவல் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து, மேலே 4 அங்குலம் கொங்கிறீற். சமதரை. பல்கனியை விட்டுவைத்தோம், மணமகள் அறைக்கு.

அந்தக் கட்டடத்தை நாங்கள் காப்பாற்றினோம் என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லி வந்திருக்கிறேன்.

11 ஜூன்

வெள்ளவத்தைத் தம்பி கணிய அளவையியல் (கட்டடச் சாமான் கணக்குப் போடும் படிப்பு) படித்தவராம். என் கணக்கைப் பிடித்துவிட்டார். அவர் எழுதியது: "50க்கு 90 என்றால் 4500 சதுர அடி. மூன்றரை அடி இறக்கத்துக்குச் சராசரி நிரப்பு ஒன்றே முக்கால் அடி. 7875 கன அடி, அதாவது 79 கியூப். நீங்கள் சொன்ன 54 லொறி 108 கியூப். மிச்ச மண் எங்கே போனது அங்கிள்?"

கியூப் என்றால் நூறு கன அடி, தெரியாதவர்களுக்காக. மண் எங்கும் போகவில்லை தம்பி, என் நினைவுதான் பிசகு. பழைய கொப்பியைத் தேடுகிறேன்.

14 ஜூன்

கொப்பி கிடைத்தது. இறக்கம் 4 அடி 9 அங்குலம். சராசரி 2 அடி நாலரை அங்குலம், 107 கியூப். இடித்து இறுக்கினால் மண் குறையும், அந்தக் குறைவை உள்ளே உடைத்த டிக்கட் கூட்டுச் சுவர்கள் ஈடு செய்தன. 54 லொறி சரி.

மூன்றரை என்று ஏன் என் மனதில் பதிந்தது? யோசித்துப் பார்த்தேன். மூன்றரை அடிதான் என் கனவில் வருகிற இறக்கம். சின்னப் பிள்ளையாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிய ஹோல் வேறு, பெரியவனாகி நிரப்பிய ஹோல் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.

14 ஜூன், சற்றுப் பிந்தி

தங்கச்சி வாசித்துவிட்டுத் தொலைபேசி எடுத்தாள். அம்மாவோடு நாங்கள் போனது பெரும்பாலும் மெட்னி ஷோ, அதுவும் பெண்கள் கியூ கட்டையாக இருக்கும் நாளில் மட்டும். கச்சான் சுருளை அம்மா வாசலிலேயே வாங்கிவிடுவா, உள்ளே விலை கூட என்று. நான் கோலிக்குண்டு விட்டதாக எழுதியது பொய்யாம், குண்டு அவளுடையதாம். திருத்திவிட்டேன்.

20 ஜூன்

பத்தாம் திகதி எழுதியதை இன்று மாற்றிச் சொல்லவேண்டி இருக்கிறது. காப்பாற்றினோம் என்றேன். இல்லை.

திறப்பு விழாவுக்குப் பின் முதல் கலியாணத்துக்கு நானும் போயிருந்தேன். நாதஸ்வரமும் தவிலும் தொடங்கியதும் சனம் காதைப் பொத்தியது. செலோடெக்ஸைக் கழற்றிவிட்டு சுவரைச் சீமெந்து பூசி எமல்ஷன் அடித்தது நாங்கள்தானே. ஜன்னலும் இல்லை, துணியும் இல்லை, கதிரையின் பஞ்சும் இல்லை. ஒரு தவில் அடி நாலு முறை திரும்பி வந்தது. தாலி கட்டும்போது அடித்த கெட்டிமேளம் கட்டி முடித்துச் சில நொடி கழித்தும் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு பேச முடியவில்லை, சைகைதான். வாழ்த்துரை சொன்ன பெரியவர் என்ன சொன்னார் என்று மணமக்களுக்கே தெரியாது.

நாலு வருஷம் தாக்குப் பிடித்தது. பிறகு தளபாடக் கடைக்கு வாடகை. தளபாடக்காரர் முகப்பை மறைத்து அலுமினியத் தகடு அடித்தார். உரிமையாளர் காலமானார். யுத்தம் முடிந்த பிறகு கொழும்பில் காணி விலை ஏறியது. பிள்ளைகள் விற்றார்கள், வாங்கியவர் இரண்டு கிழமையில் உடைத்தார். கொஞ்சக் காலம் வாகனத் தரிப்பிடம், இப்போது கண்ணாடிச் சுவர் மாடி.

சரிவை நிரப்பிய நாளே அது முடிந்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. சரிவு போன படமாளிகை கூரை போட்ட காணிதான். கூரை போட்ட காணியில் கூரைக்கு ஒரு மதிப்பும் இல்லை. அந்த மண்டபத்தில் வேறெங்கும் கிடைக்காத சாமான் ஒன்றுதான் இருந்தது: 600 பேர் ஒருவர் தலை ஒருவருக்கு மறைக்காமல் ஒரே திசையைப் பார்க்கக்கூடிய தரை. அதை 54 லொறி மண்ணுக்குக் கீழே போட்டது என் வரைபடம். கையெழுத்து இன்னும் அந்தக் கொப்பியில் இருக்கிறது.

21 ஜூன்

"வேறென்ன செய்திருக்கலாம்?" என்று தம்பி கேட்கிறார். நியாயமான கேள்வி.

அதே மருதானையில் நடந்து போகக்கூடிய தூரத்தில் இரண்டு பதில் நிற்கிறது. டவர் ஹோல் 1911இல் நாடகத்துக்குக் கட்டியது. நூர்த்தி என்ற சிங்கள இசை நாடகத்தின் காலம். பேசும்படம் வந்து நாடகத்தைத் தள்ளிவிட, அதுவும் படமாளிகையானது. 1978இல் அரசு எடுத்துத் திருத்தி மறுபடி நாடகத்துக்கே கொடுத்தது. எல்பின்ஸ்டனைக் கல்கத்தா மதன் கம்பனி 1920களில் கட்டியது. பல பத்தாண்டு படம் ஓட்டி, கடைசியில் அதுவும் அரச நாடக அரங்கானது. இரண்டுக்கும் கதிரை பார்க்கும் திசை மாறவில்லை. திரை இருந்த இடத்தில் மேடை, அவ்வளவுதான்.

எங்கள் ஆட்கள் ஒரு நாட்டியம் அரங்கேற்ற பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்துக்கும் வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்துக்கும் தமிழ்ச்சங்கத்துக்கும் திகதி கேட்டு அலைவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சல் நடந்த அதே வருஷங்களில்தான் நான் மண் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும், எனக்கும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். சொல்லவில்லை.

2 ஜூலை

மெஜஸ்டிக் படமாளிகை பற்றிக் கேட்டிருக்கிறார் இன்னொருவர்.

சிற்றம்பலம் ஏ. கார்டினர், யாழ்ப்பாணத்துத் தமிழர், 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியைத் தொடங்கினார். கொம்பனித்தெருவில் அவர் பெயரில் ஒரு மாவத்தை இருக்கிறது. தினமும் பஸ் அதால் போகிறது, யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பம்பலப்பிட்டி மெஜஸ்டிக் அந்தக் கம்பனியுடையது. அந்த இடத்தில் இப்போது மெஜஸ்டிக் சிற்றி என்ற கடைத்தொகுதி. பெயர் மிஞ்சியது, உள்ளே சினிமாவும் மிஞ்சியது, கட்டடம் போனது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது வேறு. அதே சிலோன் தியேட்டர்ஸ் 1981இல் கார்கில்ஸ் கம்பனியை வாங்கியது. 1983இல் முதல் ஃபூட் சிற்றி வந்தது. இன்றைக்கு நாடு முழுக்க அரிசியும் பருப்பும் விற்கிற அந்தக் கடைகளின் தாய்க் கம்பனி ஒரு காலத்தில் படமாளிகைக் கம்பனி. மெஜஸ்டிக் சிற்றிக்குள்ளும் ஒரு ஃபூட் சிற்றி. அந்தக் கம்பனியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. மூழ்காமல் தப்பியவர்கள் அவர்கள். படம் பார்க்க வந்த சனத்தை நடுச்சந்தியில் ஒரு கூரைக்குக் கீழே கூட்டி வைக்கத் தெரிந்தவர்களுக்கு, சாமான் வாங்க வருகிற சனத்தையும் கூட்டத் தெரிந்திருக்கிறது. 2013இல் யாழ்ப்பாணத்தில் கார்கில்ஸ் ஸ்குவயர் திறந்தபோது மேல்மாடியில் சினிமா வைத்தார்கள். பழைய தொழில் பேரப்பிள்ளையாகத் திரும்பி வந்தது போல் இருந்தது எனக்கு.

4 ஜூலை

பெயர் மிஞ்சுவது பற்றி ஒன்று விட்டுவிட்டேன். கொள்ளுப்பிட்டியில் பஸ் நெருங்கும்போது கொண்டக்டர் "லிபர்ட்டி, லிபர்ட்டி" என்றுதான் கத்துவார். வெள்ளவத்தைக்குள் நுழைந்தால் "சவோய்". வீதிக்கு மாநகரசபை வைத்த பெயர் எதுவாகவும் இருக்கட்டும், இறங்குகிறவர்கள் படமாளிகையில்தான் இறங்குகிறார்கள். லிபர்ட்டியும் சவோயும் உயிரோடு இருக்கும் ஹோல்கள். உயிர் போன ஹோல்களின் பெயரைச் சொல்லி ஓட்டோ பிடிக்கிற ஆட்களும் கொட்டாஞ்சேனையில் இன்னும் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன். இளம் ஓட்டோக்காரர் முழிப்பார். பக்கத்தில் நிற்கிற கிழவர் வழி சொல்வார்.

24 ஜூலை

இன்றைய நாளில் இதை எழுதாமல் விட முடியாது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்து 35 வருஷம்.

தம்பி, உம்முடைய கேள்வியில் ஒரு இடம் எனக்கு முதல் நாளே குத்தியது. "சனம் வராமல் விட்டது, படமாளிகை செத்தது." சனம் வந்துகொண்டிருக்கும்போதே எரிந்த படமாளிகைகள் இருக்கின்றன. கொம்பனித்தெரு ரியோ. நவரத்தினம் குடும்பம் முதலில் நவா படமாளிகையைக் கட்டியது, பிறகு 1965இல் ரியோவை, 70 மில்லிமீற்றர் படம் ஓட்டும் வசதியோடு. பிறகு ஒரு ஹொட்டேலும் சேர்ந்தது. 1983 ஜூலையில் அது எரிந்தது. வத்தளை ஹெந்தலையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது, அதோடு படங்களின் மூல நெகட்டிவ்களும். அதில் கருகியவற்றில் சிங்களப் படங்கள் எத்தனையோ. தமிழருடையது என்று வைத்த நெருப்பு அவை எந்த மொழிப் படம் என்று பார்க்கவில்லை. குணரத்தினத்தை 1989இல் சுட்டுக் கொன்றார்கள்.

ரியோ அதன் பிறகும் முழுதாகச் சாகவில்லை. கீழே ஹோலில் தரங்குறைந்த படங்கள் ஓடின, மேலே ஹொட்டேல் மாடிகள் கரி படிந்த சுவரோடு வெறுமையாக நின்றன. சில வருஷங்களுக்கு முன்னர் அங்கே கலை விழா ஒன்று நடந்தது, பார்க்கப் போனேன். ஒவ்வொரு மாடியிலும் இளம் பிள்ளைகள் வீடியோவும் ஓவியமும் வைத்திருந்தார்கள். மொட்டை மாடியில் நின்றால் சுற்றிவர கிரேன்கள். பார்க்க வந்தவர்களில் பலருக்கு இது ஏன் இப்படி இருக்கிறது என்று தெரியவில்லை, பழசாகிப் போனது என்று நினைத்தார்கள். ஒரு பிள்ளையிடம் சொன்னேன். அவள் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைப் பார்த்தாள்.

மாமா வேலை செய்த ஹோல் ரியோ இல்லை, சின்னது. அதுவும் அந்தக் கிழமை எரிந்தது. மாமா அகதி முகாமிலிருந்து திரும்பி வந்ததும் முதலில் அங்கேதான் போனார், நானும் கூடப் போனேன். எனக்கு 22 வயது. கூரை விழுந்து வானம் தெரிந்தது. மெஷின் அறையின் இரும்புத் தகட்டுக் கதவுகள் எல்லாம் விழுந்து மூடியிருந்தன, செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்து. உள்ளேயிருந்து வரும் நெருப்பு மண்டபத்துக்குப் போகாமல் தடுக்க வைத்த கதவுகள். அன்றைக்கு நெருப்பு மற்றப் பக்கத்தால் வந்தது. மாமா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

27 ஜூலை

சிலர் தனிப்பட எழுதியிருக்கிறீர்கள். நன்றி. எல்லோருக்கும் பதில் எழுதுவேன்.

5 ஓகஸ்ட்

மாமாவின் வேலை பற்றிக் கேட்டவர்களுக்கு. இரண்டு மெஷின். ஒரு றீல் 2000 அடி, 20 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். ஒன்று முடியுமுன் மற்றதில் அடுத்த றீல் தயார். திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி மின்னும். முதல் புள்ளிக்கு மோட்டரைப் போடவேண்டும், இரண்டாவதற்கு மாற்றவேண்டும். வெளிச்சம் இரண்டு கரிக்கோலுக்கு நடுவில் எரியும் வில். கோல் எரிய எரியக் கிட்டக் கிட்ட நகர்த்தவேண்டும், புகைக்குத் தனிக் குழாய் கூரைக்கு மேலே போகும். பழைய படமாளிகைக் கூரையில் புகைபோக்கி கண்டால் சமையலறை என்று நினைக்கவேண்டாம்.

மாமா படம் பார்த்ததில்லை. புள்ளிதான் பார்த்தார். வயதான காலத்தில் வீட்டில் ரீவி போட்டாலும் கண் வலது மூலைக்குப் போய்விடும்.

பின்னால் டிஜிற்றல் வந்து, படச்சுருள் அச்சடிப்பது நின்றபோது, புது மெஷினுக்குக் காசு போட முடியாத சின்ன ஹோல்கள் கடைசியாகப் பூட்டின. ஜூன் மூன்றாம் திகதி இந்தக் காரணத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்.

19 ஓகஸ்ட்

"சட்டம் காப்பாற்றாதா?" என்று கேட்டார் ஒருவர். தொல்பொருட் சட்டத்தில் ஒரு கோடு இருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்த நாள். அதற்கு முந்திய கட்டடம் தானாகவே பழைய நினைவுச்சின்னமாகக் கணக்காகும். பிந்தியதற்குத் தனியாக அறிவித்தல் போட்டுத்தான் பாதுகாக்க வேண்டும். சினிமா என்ற சாமானே 1895இல் வந்தது. ஆகவே உலகத்தின் எந்தப் படமாளிகையும் அந்தக் கோட்டுக்கு உள்ளே வராது. ஒவ்வொன்றுக்கும் யாராவது கேட்டு, எழுதி, வற்புறுத்த வேண்டும்.

கிங்ஸ்லியை எடுத்துப் பாருங்கள். முதல் சிங்களப் பேசும்படம் 1947 ஜனவரி 21 அன்று திரைக்கு வந்த இடம் அது, எங்கள் கொட்டாஞ்சேனை. தயாரித்தவர் எஸ். எம். நாயகம், தமிழர், படம் பிடித்தது தென்னிந்தியாவில். சிங்கள சினிமா தொடங்கிய வாசல் ஒரு தமிழ்ச் சனம் நிறைந்த தெருவில் இருந்தது. இதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கவேண்டாமா? இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாக வந்து பார்க்கவேண்டிய இடம். எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, இன்றைக்கு இவ்வளவு போதும்.

20 ஓகஸ்ட்

ரீகல் படமாளிகையைச் சொல்லாமல் விட்டது பிழை. 1930இலிருந்து, லேக் ஹவுஸ் பத்திரிகைக் கட்டடத்துக்குக் கிட்ட, அதே வாசல். கோபத்தில் நல்லதை மறந்துவிட்டேன். போய்ப் பாருங்கள். டிக்கட் எடுத்து உள்ளே போய் உட்காருவதுதான் ஒரு பழைய ஹோலுக்கு நீங்கள் செய்யக்கூடிய ஆகச் சிறந்த உபகாரம்.

9 செப்டெம்பர்

தம்பி மறுபடி: "மோல் சினிமாவும் ஒருநாள் பூட்டுந்தானே, அப்போது என்ன ஆகும்?"

ஒன்றும் ஆகாது. அதற்கு முகப்பு இல்லை, சொந்தக் கூரை இல்லை. மாடிக்குள் இரும்புச் சட்டத்தில் படிபடியாகத் தட்டு அடித்துக் கதிரை வைத்திருப்பார்கள். பூட்டினால் நாலு நாளில் தட்டைக் கழற்றலாம், ஐந்தாம் நாள் அந்த இடத்தில் உடற்பயிற்சி நிலையம் வரும். இடிபாடும் மிஞ்சாது. கொண்டக்டரும் அதன் பெயரைச் சொல்லிக் கத்தமாட்டார். சத்தமும் கதிரையும் அங்கே நல்லதுதான், என் பேரப்பிள்ளையோடு நானும் போகிறேன்.

16 செப்டெம்பர்

ஒரு யோசனை. உடைப்பதைத் தடுக்க எங்களால் முடியாது. அளக்க முடியும். நிற்கிற பழைய ஹோல்களின் நீளம், அகலம், சரிவு, பல்கனி வளைவு, மெஷின் அறை ஓட்டைகளின் இடம், இவ்வளவையும் ஒரு தாளில் வரைந்து வைத்தால், நாளைக்கு யாரோ ஒருவர் இது இப்படி இருந்தது என்று காட்டலாம். எங்கள் கந்தோரில் 1996 வரைபடத்தைத் தேடினேன், இடம் மாறும்போது எரித்துவிட்டார்களாம். என் கொப்பியில் இருக்கும் எண்கள்தான் அந்த ஹோலின் கடைசி அடையாளம். அதிலும் நான் பிழை சொன்னேன், தம்பி பிடித்தார்.

தம்பி வருகிறேன் என்கிறார். பூட்டிக் கிடக்கும் ஹோல் ஒன்றின் காவலாளி எனக்குத் தெரிந்தவர். அடுத்த ஞாயிறு. 100 அடி நாடா என்னிடம் இருக்கிறது. நீர் டோர்ச் கொண்டு வாரும், மூக்குக்குத் துணியும். தண்ணீர் மட்டம் பார்க்க நீளமான தெளிந்த றப்பர் குழாய் வேண்டும், ஹார்ட்வெயார் கடையில் அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள்.

23 செப்டெம்பர், இரவு

அளந்தோம். உள் அகலம் 48 அடி 6. வாசல் சுவரிலிருந்து திரை வரை 97 அடி. இறக்கம் 5 அடி 1 அங்குலம். மூன்று முறை குழாய் பிடித்துப் பார்த்தோம், ஒரே எண். முன் 22 அடி ஏறக்குறையச் சமதரை, கலரி. கூரையில் இரண்டு இடம் ஓட்டை, அதால் வந்த வெயில் தரையில் நகர்ந்தது. செலோடெக்ஸ் வலது சுவரில் முழுதாக இருக்கிறது. தம்பி நடுவில் நின்று கை தட்டினார். ஒரு தட்டு, ஒரே சத்தம், திரும்பி வரவில்லை.

காவலாளி வாங்கப் போகிறீர்களா என்று இரண்டு முறை கேட்டார்.

மெஷின் அறை பூட்டு. திறப்பு உரிமையாளரின் மருமகனிடம், அவர் நீர்கொழும்பில். புதன்கிழமை அவரைப் பார்க்கப் போகிறோம். அங்கே சுவரில் எத்தனை ஓட்டை என்று தெரிந்த பிறகு வரைபடத்தைத் தொடங்குகிறேன்.